பவானியின் பத்துப் பற்கள்

இன்று காலை, தற்காலிகப் பல் செய்கிற பொடியில் அதற்கான திரவத்தை ஊற்றிக் கலக்கினேன். அந்த வாடை உனக்குத் தெரியும். நகப்பூச்சின் நெடியைப் பத்து மடங்காக்கியதுபோல மூக்குக்குள் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்காரும். வருகிறவர்களெல்லாம் முகத்தைச் சுளிப்பார்கள். நீ மட்டும் அதை ஆழமாக இழுத்துவிட்டு, "இந்த வாசனை வந்தாதான்டி எனக்கு வேலையே ஓடும்" என்பாய்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். கீழே முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. கோபம் போகவில்லை.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நினைவுநாளுக்கு உன் அண்ணன் ஒரு சின்ன மலர் அச்சிடுகிறார். "உங்க ரெண்டு பேர் நட்பைப் பத்தி நாலு வரி எழுதிக் குடும்மா" என்று போன வாரம் போன் செய்தார். எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே திட்டாக வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன் அழகான கையெழுத்தையும் உன் பொறுமையையும் பற்றி ஏதோ எழுதி அனுப்பினேன். அது உன் அண்ணனுக்கு. உனக்கு எழுத வேண்டியது இது.

கல்லூரியில் முதல் வருடம், மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்களே, அப்போதே உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. நாங்கள் செதுக்கியவை சோழிகள் மாதிரி இருக்கும். நீ செதுக்கியது யாரோ ஒருவர் வாயிலிருந்து விழுந்ததுபோல இருக்கும். படிப்பு முடிந்து சில வருடம் கழித்து, மேற்குத் தாம்பரத்தில் ஸ்வீட் கடைக்கு மேல் மாடியை நாம் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, இந்தப் பக்கம் என் நாற்காலி, அந்தப் பக்கம் உன் நாற்காலி. சொத்தை, வலி, பல் பிடுங்குவது எல்லாம் என்னிடம் வந்தன. அழகு வேண்டி வந்தவர்கள் உன்னிடம் வந்தார்கள். ஐ.டி. வேலைகள் பெருகிய காலம். பழைய மகாபலிபுரம் சாலையில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. சிரிப்பைச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஜனங்களுக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"பல்லு அழகா வேணும் டாக்டர்" என்று ஒருவர் வந்தால் மற்ற டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்வார்கள். நீ வாயை மூடச் சொல்வாய். "சும்மா உக்காருங்க. எங்கேர்ந்து வரீங்க, எந்த டிரெய்ன்ல வந்தீங்க, சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுப்பாய். உதடு ஓய்வாக இருக்கும்போது மேல்பல் எவ்வளவு தெரிகிறது, சிரித்தால் ஈறு தெரிகிறதா, சிரிப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். 'வ' சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டில் எங்கே படுகிறது என்று பார்க்க, பஸ் கண்டக்டர் மாதிரி "வண்டலூர், வாலாஜாபாத்" என்று அவர்களைக் கூவச் சொல்வாய். வெட்கப்படுகிறவர்கள்கூட அதில் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துவிடும் உன் டிஜிட்டல் கேமரா.

பிறகு போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு போடுவாய். முகத்தின் நடுவில் ஒரு கோடு, கண்ணுக்குக் கண் ஒரு கோடு, கீழுதட்டின் வளைவை ஒட்டி ஒரு கோடு. மேல்பற்களின் நுனிகள் அந்த வளைவோடு சேர்ந்து போக வேண்டும். முன்பல் இரண்டும் பெரிதாக, பக்கத்துப் பற்கள் ஓர் இழை குட்டையாக, கோரைப்பல் திரும்பவும் கீழே இறங்கி. "நாப்பது வயசுக்காரிக்கு இருபது வயசுப் பல்லை வெச்சா, யார்கிட்டேர்ந்தோ திருடின மாதிரி இருக்கும்டி" என்பாய். அச்செடுத்து, வார்த்த மாடலின்மேல் மெழுகில் புதுப்பல் செதுக்குவாய். அந்த வடிவத்தை, உள்ளே இருக்கும் பல்லைத் தொடாமல், மேலே ஒட்டிக் காட்டுவாய். "வீட்டுக்குப் போய் நாலு பேர்கிட்ட சிரிச்சுக் காட்டிட்டு வாங்க. பிடிக்கலைன்னா கழட்டிடலாம். பல்லு அப்படியேதான் இருக்கும்."

இவ்வளவையும் எதற்காக எழுதுகிறேன் என்றால், உனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உனக்கு எல்லாம் தெரியும். ஊரில் யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாய்.

சுனாமிக்கு அடுத்த வருடம் பவானி வந்தாள். கோவளத்துப் பெண். அம்மா மீன் விற்கிறவள். பீர்க்கன்கரணையில் இருந்த பெரியம்மா வீட்டில் தங்கி பி.காம். முடித்துவிட்டு, நாவலூரில் ஒரு கம்பெனியின் ரிசப்ஷனில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இருபத்தோரு வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பல் ஏறிக்கொண்டு, தெத்துப்பல். மற்றபடி ஒரு சொத்தை இல்லை, ஒரு கறை இல்லை. உப்புக் காற்றில் வளர்ந்த பல்.

"இந்தப் பல்லு ரெண்டும் ஏறிக்கினு கீதுல்ல டாக்டர், இத்த இறக்கணும்" என்றாள்.

"யாரு இறக்கச் சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"சூப்பர்வைசர் சாரு. ரிசப்ஷன்ல குந்துற பொண்ணுக்கு பல்லு வரிசையா இருக்கணுமாம். ஃபாரின்லேர்ந்து கெஸ்ட்டு வராங்களாம். ஒரு மாசம் டைம் குட்த்துக்கீறாரு."

அந்த சூப்பர்வைசர் டையை இழுத்துவிட்டுக்கொண்டு எப்படிச் சொன்னார் என்று நடித்துக் காட்டினாள். நடிக்கும்போதே சிரித்துவிட்டாள். இடதுபக்கத் தெத்துப்பல் முதலில் எட்டிப் பார்த்தது, அதன் பின்னால் முகம் முழுக்கச் சிரித்தது. நாமிருவரும் சேர்ந்து சிரித்தோம். சட்டென்று அவளுக்கு எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது. கை வாயை மூடியது. அந்தக் கையைப் பார்த்ததும் முகம் தெரியாத அந்த டைக்காரனை அறைய வேண்டும்போல எனக்கு இருந்தது.

நீ என் காதோரம், "லிப் லைன் பாத்தியா? என்ன ஒரு ஸ்மைல்டி!" என்றாய். ரசிக்கிறாய் என்று நினைத்தேன். நீ அளந்துகொண்டிருந்தாய் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே பேசி முடிவு செய்தோம். கிளிப் போட வேண்டும், ஒன்றரை வருடம் ஆகும். கிளிப்போடு வேலை பார்ப்பதில் எந்தத் தடையும் இல்லை என்று கம்பெனிக்கு நான் கடிதம் எழுதித் தருவேன். நீயும் தலையாட்டினாய். மறுநாள் நான் தம்பி கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் கிளம்ப வேண்டியிருந்தது. "நீ நிம்மதியா போயிட்டு வா. நான் அச்சு மட்டும் எடுத்து வெக்கிறேன்" என்றாய்.

ஐந்து நாள். ஆறாம் நாள் காலை படியேறி வரும்போதே அந்தத் திரவத்தின் நெடி அடித்தது. உள்ளே பவானி உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போன உதட்டைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்துப் பல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நேராக, வெள்ளையாக. எல்லாம் தற்காலிகம். அரைத்த பல்லின்மேல் உறைபோல மாட்டும் நிஜமான கேப் வரும்வரை ஒட்டிவைத்தது. அதற்குள்ளே இருந்த அவளுடைய சொந்தப் பற்கள் சீவிய பென்சில் முனைகளாக ஆகியிருந்தன.

உன்னைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"அவளேதான் கேட்டா. ஒன்றரை வருஷம் முடியாதுன்னுட்டா."

"இருபத்தோரு வயசு. ஒரு சொத்தை கிடையாது. பத்துப் பல்லு! பத்து!"

"ரெண்டு மட்டும் பண்ணா ஷேப் வராது, கலரும் சேராது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதானே கிளிப்புன்னு சொன்னேன்."

நீ கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாய். "நீ லெட்டர் எழுதினா அந்த ஆளு அவளை வேலைல வெச்சுப்பானா? அவ இடத்துல நின்னு யோசிச்சுப் பாரு. உனக்கு உன் கொள்கைதான் முக்கியம். அவளுக்கு வேலை வேணும்."

அந்தப் பேச்சின்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம். அதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியை நீ சொல்லவில்லை.

முடி வெட்டினால் வளரும். நகம் வளரும். பல்லின் மேல்தோல் மட்டும் ஒருமுறை அரைத்தால் அவ்வளவுதான். அதுவும் அந்த வயதில் பல்லின் உள்ளே இருக்கும் உயிர் பெரிதாக, மேலே வரைக்கும் இருக்கும். வரிசை மாறி நிற்கிற பல்லை அரைத்தே நேராக்குவதென்றால் அந்த உயிருக்குப் பக்கத்தில் போகாமல் முடியாது. பல்லை அரைக்கும் உன் ஏரோட்டர் எவ்வளவு நிதானமாகச் சுற்றியிருந்தாலும் சரி. இதை உனக்கு நான் எழுதுவது அபத்தம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நீ என்னைவிட அதிக மார்க் வாங்கினாய்.

நீ சொல்லாத மீதிப் பாதி நாலு மாதம் கழித்துத் தெரிந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் பல் டாக்டர்களின் கூட்டம். சிரிப்பு அமைப்பில் சிறந்த சிகிச்சைக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். நான் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பட்டுப்புடவையில் மேடைக்கு வந்து முதல் படத்தைப் போட்டாய். திரை முழுக்க பவானியின் வாய். அடுத்து முகம், கண்ணுக்குமேல் கறுப்புப் பட்டை. "இருபத்தோரு வயதுப் பெண்" என்று ஆரம்பித்தாய். பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி, தெரியும். கோடுகளும் அளவுகளும் மெழுகு மாடலும் வந்து, கடைசிப் படத்தில் பத்துக் கேப்புகளும் பளிச்சிட்டபோது ஹால் முழுவதும் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் என் கையும் தட்டியது. பழக்கதோஷம். அதற்காக இன்றும் கூசுகிறேன். பரிசு உனக்குத்தான். நான் தஞ்சாவூர் போவதற்கு முன்பே நீ அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் வகுப்புத் தோழிதான் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அது ஒரு சாதாரணச் செய்தி.

பரிசாக வந்த கேடயத்தையும், சட்டம் போட்ட பவானியின் முன்பு-பின்பு போட்டோக்களையும் நீ காத்திருப்பு அறையில் வைத்தாய். வருகிறவர்கள் அதைக் காட்டி, "எனக்கு இந்த மாதிரி வேணும்" என்றார்கள்.

பவானியின் வேலை என்ன ஆயிற்று தெரியுமா? ஆறு மாதத்தில் அந்த ரிசப்ஷன் மேஜையையே எடுத்துவிட்டார்கள். கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கிற மெஷின் வந்துவிட்டது. வரிசையான பல் அதற்கும் தேவைப்படவில்லை. காண்ட்ராக்ட் பெண்கள் மூன்று பேரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள்.

வலி அதற்கு அடுத்த வருடம் ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுருக்கென்கிறது என்று வந்தாள். நீ மாத்திரை எழுதினாய். ராத்திரி தூக்கமில்லை என்று வந்தாள். வேறு மாத்திரை. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. "ஒண்ணும் இல்லம்மா, செட்டாகிடும்" என்று நீ சொன்ன குரல் உன் குரலே இல்லை. அவள் போனபிறகு நான் எழுந்து வந்து, "எக்ஸ்ரே எடு" என்றேன். "என் பேஷண்ட், நான் பாத்துக்கறேன்" என்றாய்.

அதற்குப் பிறகு நாம் பேசிக்கொண்டதெல்லாம் வாடகை, கரண்ட், பஞ்சு தீர்ந்துவிட்டது என்பவைதான். நான் காலை நேரத்தையும் நீ மாலை நேரத்தையும் எடுத்துக்கொண்டோம். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டோம். பதினேழு வயதில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். எனக்கு அதிலும் ஒரு வீம்பு இருந்தது. நீயாக வந்து பேச வேண்டும் என்று காத்திருந்தேன்.

நீ வரவில்லை. காய்ச்சல் வந்தது.

ஏழாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கையெல்லாம் ஊசி குத்திய நீலம். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாய். "பவானி விஷயமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாய்.

நான் கையை உயர்த்தித் தடுத்தேன். "முதல்ல எழுந்து வா. சண்டை போட நிறைய இருக்கு. படுத்துக் கிடக்கறவகிட்ட நான் சண்டை போட மாட்டேன்."

நீ சிரித்தாய். "சரி, எழுந்து வரேன்" என்றாய். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் படத்துக்கு ரோஜா மாலை. ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடித்து, 'சிரிப்பைப் பரிசளித்தவர்' என்றார்கள். 'எத்தனையோ முகங்களில் விளக்கேற்றியவர்' என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிச் சத்தத்துக்கு நடுவே நின்று, உன் பெயரைச் சொல்லி, கல்லூரியில் நாம் கற்றுக்கொண்ட எல்லாக் கெட்ட வார்த்தைகளாலும் உன்னைத் திட்டினேன். யார் காதிலும் விழவில்லை.

அடுத்த வாரம் பவானி வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. "அந்த டாக்டரம்மா இல்லியா?" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீங்கிய கன்னத்தோடு உனக்காக அழுதாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

சீழை வெளியேற்றி, வலி அடங்கியதும் எதிரே உட்கார்ந்தேன். நீ இறந்துவிட்டாய் என்பதற்காக அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பவானி, ஒண்ணு சொல்றேன். உன் பல்லை அப்படி அரைச்சிருக்கவே கூடாது. கிளிப் போட்டிருந்தா போதும். தப்பு எங்க பேர்லதான்."

"தெரியும் டாக்டர். அவங்களே வந்து சொல்ட்டாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு?"

"அவங்கதான். ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கெயம எங்க வூட்டுக்கே வந்துட்டாங்க, கோவளத்துக்கு. அம்மா வாசல்ல மீன் அரிஞ்சிக்கினு இருந்துச்சு. நின்னுக்கினே சொன்னாங்க. 'உங்க பொண்ணு பல்லை நான் கெடுத்துட்டேன்மா. எனக்குப் பேர் வரணும்னு அவசரப்பட்டுட்டேன்'னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லும்? வாய்க்கு வந்தபடி திட்டுச்சு. தெருவே கூடிப்போச்சு. அவங்க ஒரு வார்த்த திருப்பிப் பேசல. தலைய குனிஞ்சிக்கினு நின்னாங்க. அப்பால அம்மாவே போயி தண்ணி மோந்து குட்த்துச்சு. எல்லாத்தையும் கழட்டிட்டு நானே சரிபண்றேன், எத்தினி நாளானாலும்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பால ஆளே காணும். ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் டாக்டர். காய்ச்சல்ல கெடந்தாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நான் எழுந்துபோய்க் காத்திருப்பு அறையைப் பார்த்தேன். சுவரில் பவானியின் போட்டோச் சட்டம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. எப்போது கழற்றினாய்? சுண்ணாம்பு அடிக்கக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்து நான் தினமும் அதைக் கடந்துபோயிருக்கிறேன். உன் மேஜை இழுப்பறையில், அரைப்பதற்கு முன் எடுத்த அவளுடைய பழைய மாடல் பஞ்சில் சுற்றியிருந்தது. மேலே உன் கையெழுத்து: 'பவானி. உடைக்காதே.'

இதற்குத்தான் உன்மேல் எனக்கு ஆறாத கோபம். மீன்காரத் தெருவில் பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க உன்னால் முடிந்தது. ஒரு பிளைவுட் தடுப்பைத் தாண்டி வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. காய்ச்சலில் விழும்வரை ஒவ்வொரு நாளும் படியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாய். நான் திட்டமாட்டேன் என்றா நினைத்தாய்? திட்டியிருப்பேன். பவானியின் அம்மாவைவிட மோசமாகத் திட்டியிருப்பேன். அதன்பிறகு கீழே போய் இரண்டு காபி வாங்கிவரச் சொல்லியிருப்பேன். கடைசியில் நீ சொல்ல வாயெடுத்தபோது, பெரிய மனசுக்காரி மாதிரி கையைத் தூக்கித் தடுத்தேனே, அந்தக் கையை என்ன செய்வது?

பவானியின் வாயைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. பத்துக் கேப்புகளையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். நாலு பல்லில் உயிர் போயிருந்தது. மூன்றுக்கு ரூட் கனால் செய்தேன். ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினேன். அந்தப் பல்லைக் கிண்ணத்தில் போட்டபோது வந்த 'டக்' என்ற சத்தத்துக்கு உன்னைப் பக்கத்தில் நிற்கவைத்திருக்க வேண்டும். அவள் கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள்கூட தாமதமாக வந்ததில்லை.

ஈறு ஆறியதும், புதுப்பல்லைத் திட்டமிடும் நாளில் அவளிடம் கேட்டேன்: "இந்தத் தடவை எப்படி வேணும் உனக்கு?"

அவள் விழித்தாள். இதுவரை அவளிடம் யாருமே கேட்காத கேள்வி அது. சூப்பர்வைசர் சொன்னான், நீ வரைந்தாய், நான் கிளிப் என்றேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"பழசு மாதிரியே வெக்க முடியுமா டாக்டர்? அந்தத் தெத்துப்பல்லோட?"

"ரெண்டும் வேணுமா?"

யோசித்தாள். நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். "வேணாம். ரைட்ல இருந்தது ஒதட்டுல குத்தும். லெஃப்ட்டு மட்டும் குடுங்க."

நீ பஞ்சில் சுற்றிவைத்த பழைய மாடலையும் புது அச்சுகளையும் குரோம்பேட்டை லேபுக்கு எடுத்துப்போனேன். காதர் பாயை உனக்குத் தெரியும், பத்து வருடமாக நமக்குப் பல் வார்த்துக் கொடுக்கிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"டாக்டரம்மா, இடது கோரைப்பல்லு திரும்பிக்கினு நிக்குதே. நேரா பண்ணிடட்டுமா?"

"வேணாம் பாய். அப்படித்தான் வேணும்."

"நேரா பண்ணச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. கோணலா பண்ணச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்." கொஞ்ச நேரம் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவங்க இருந்தா இதை ரெண்டே சீவுல கொண்டாந்துடுவாங்க" என்றார்.

மெழுகுக் கத்தியை வாங்கி நானே உட்கார்ந்தேன். நாலு தடவை கெடுத்தேன். ஐந்தாம் தடவை வந்தது.

கேப் பொருத்திய அன்று அவள் அம்மாவும் வந்திருந்தாள். உள்ளே வந்து, மகளின் தாடையைக் கையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "சிரி" என்றாள். பவானி சிரித்தாள். அம்மா நெடுநேரம் பார்த்தாள். "ம். இப்பதான் எம் பொண்ணு மாரி கீறா" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "அந்தம்மாவ நானும் ரொம்பத்தான் பேசிட்டேன். பாவம், சின்ன வயசு" என்றாள்.

ஆக, பவானி உன்னை மன்னித்துவிட்டாள். அவள் அம்மா மன்னித்துவிட்டாள். உன் அண்ணன் மலர் போடுகிறார். நான் ஒருத்திதான் இன்னும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கத்துவதால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. போன வாரம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு அம்மாள், மருமகளாக வரப்போகிற பெண்ணைக் கையோடு கூட்டிவந்தார். "கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு டாக்டர். போட்டோவுல பல்லு நல்லா வரணும்" என்றார். அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் பதில் சொன்னார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. என்ன பேசினேன் என்று எழுத வேண்டாம். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இந்நேரம் வேறு எங்காவது ஒரு நாற்காலியில் அந்தப் பெண்ணின் பற்களை யாராவது அரைத்துக்கொண்டிருக்கலாம். நீயாக இருந்தால் அந்த அம்மாளையே சிரிக்கவைத்துப் பேசி, வெறுமனே சுத்தம் செய்து அனுப்பியிருப்பாய். நீ நல்ல நிலையில் இருந்த நாட்களில். அந்த சாமர்த்தியம் எனக்கு வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்திருப்பது வேறு. மெழுகைக் கையில் எடுத்தால், நுனியை நான் நேராகச் சீவத்தான் நினைக்கிறேன். கத்தி தானாக ஓர் இழை சாய்கிறது. பக்கத்துப் பல்லை ஒரு துளி குட்டையாக்கிவிட்டு, முன்பல்லின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் தேய்மானத்தை வைக்கிறது. அதற்குமேல் ஒரு சீவு போனால் கெட்டுவிடும் என்கிற இடத்தில் சரியாக நின்றுவிடுகிறது. பல் நிஜமாகிவிடுகிறது. அது என் பழக்கம் இல்லை. பார்க்கிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கோ அப்போதுதான் கோபம் தலைக்கு ஏறுகிறது. என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனவளே, யாரைக் கேட்டு என் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாய்?